மூன்று மணி நேரத்தை நகர்த்தியவர்

அவர் எங்கள் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர். தொழிலாளர் நலனைப் பார்க்க வேண்டிய உத்தியோகம். பதினாலு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதில் அவர் என்ன நலனைப் பார்த்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என்னென்ன கதை சொன்னார் என்று கேளுங்கள், சாயங்காலம் வரைக்கும் சொல்வேன். கேன்டீனில் ஃபேன் ஓடவில்லை என்று போனால் ஒரு கதை. பாதுகாப்பு ஷூ இன்னும் வரவில்லையே என்று போனால் ஒரு கதை. போனவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவான். ஃபேன் ஓடாது. ஷூ வராது.

நான் அங்கே டைம் ஆபீஸில் கிளார்க். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி. எனக்கும் அவருக்கும் திருவள்ளூர்தான். ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருவோம். முதல் சீட் அவருடையது. வெள்ளை முழுக்கைச் சட்டை, காலருக்குள் மடித்து வைத்த கைக்குட்டை, சத்தம் போடாத குரல். கதையில் முக்கியமான இடம் வருவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். பிரஸ் ஷாப் பையன்கள் இதைக் கவனித்து வைத்திருந்தார்கள். "கண்ணாடிய கழட்டிட்டாருடா, இனிமே யாரோ சாவப்போறாங்க" என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துவிட்டு அவர்களே அழுவார்கள். எனக்கு அவரைவிட இவர்கள்மேல்தான் எரிச்சல் வரும்.

ஒருநாள் காலை நாஷ்டாவுக்கு உப்புமாவில் புழு. ஒன்றிரண்டு இல்லை. பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் முப்பது பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். லைன் நின்றுவிட்டது. அவர் வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு ஆறு வயசும்மா. வீட்ல அரிசி இல்ல. எங்கம்மா எங்கேயோ கடன் கேட்டு ஒரு படி வாங்கியாந்தாங்க. பூரா புழு. நான் வேணாம்னு அழுதேன். அம்மா சொன்னாங்க, 'அழாதடா கண்ணு, அதுவும் நம்மள மாதிரி பசிச்சுதான் அரிசியத் தேடி வந்திருக்கு.' அந்த வாரமே எங்கம்மா போயிட்டாங்க."

சொல்லிவிட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். முப்பது பெண்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கேன்டீன் கான்ட்ராக்ட்காரன் அடுத்த மூன்று வருஷமும் அதே ரவையைத்தான் போட்டான்.

அதற்கு அப்புறம் அவர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போயிருந்தேன். ஹாலில் ஒரு பெரியம்மா சோபாவில் சாய்ந்துகொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். சாரோட சித்தியா என்று கேட்டேன்.

"சித்தியா? பெத்தவ நானு" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பஞ்ச காலத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டீர்களாமே என்றேன்.

"பஞ்சமா? எங்க மாமனாருக்கு ரைஸ் மில்லும்மா. இவன் சோத்துல ஒரு கல்லு கெடந்தா போதும், தெரு முனை வரைக்கும் கேக்கறாப்புல கத்துவான்."

திங்கட்கிழமை பஸ்ஸில் அவரிடமே கேட்டேன். முகம் மாறும் என்று நினைத்தேன். மாறவில்லை. "அம்மா உயிரோட இருந்தா அந்தப் பொண்ணுங்க சாப்பிட்டிருப்பாங்களாம்மா?" என்றார். "விஷயத்தச் சொன்னா காதோட போயிடும். கதையாச் சொன்னாத்தான் உள்ள இறங்கும்." இதை அவர் பெருமையாகச் சொன்னார். உள்ளே இறங்கியது புழுதான் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இன்னொரு தொழில். திருநின்றவூர்ப் பக்கம் யாரோ போட்ட மனைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பார். என் அண்ணன் மாட்டினான். அவனுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அந்த மனையின் மூலையில் ஒரு வேப்பங்கன்று இருந்தது. அதைக் காட்டி, "தம்பி, உங்க பொண்ணு இந்த மரத்து நிழல்லதான் சைக்கிள் ஓட்டக் கத்துக்கப் போறா. விழுந்து முட்டிய சிராய்ச்சுக்கிட்டு அப்பான்னு ஓடி வருவா" என்றார். இல்லாத பெண்ணின் இல்லாத முட்டிக் காயத்துக்காக என் அண்ணன் அன்றைக்கே கையெழுத்துப் போட்டான். அந்த ஐப்பசியில் போய்ப் பார்த்தால் மனை முழுக்க இடுப்பளவு தண்ணீர். வேப்பங்கன்று தெரியவே இல்லை. சண்டை போடத்தான் அவரிடம் போனான். திரும்பி வந்தவன், "நாம வாங்கினது நிலம் இல்ல, ஏரிக்கரை வீடு" என்றான். இப்போதும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்கிறான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரித்துக்கொண்டும்தான் இருந்தேன். தேசிங்கு விஷயத்தோடு சிரிப்பு போய்விட்டது.

தேசிங்கு பிரஸ் ஆபரேட்டர். கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமம். அதிகம் பேசமாட்டார். பிரஸ் என்றால், தகட்டை உள்ளே வைத்துவிட்டு ஆபரேட்டர் இரண்டு பட்டனை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேலே இருக்கும் இரும்பு கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. அதற்குத்தான் இரண்டு பட்டன். ஆனால் அப்படிச் செய்தால் எண்ணிக்கை குறையும். அதனால் ஒரு பட்டனை எப்போதும் அழுந்தியே இருக்கும்படி டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரு கையால் பட்டன், இன்னொரு கையால் தகடு. சூப்பர்வைசருக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியும். சம்பளக் கார்டு கொடுக்க உள்ளே போய்வரும் எனக்கே தெரியும்.

கொரோனாவுக்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு தேசிங்குவின் வலது கையில் நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் மட்டும் மிச்சம். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது அவர் சத்தமே போடவில்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

தொழிலாளர்களின் செல்போனெல்லாம் ஷிஃப்ட் முடியும்வரை என் ஜன்னலுக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருக்கும். பகல் இரண்டு மணிக்கு தேசிங்குவின் போன் அடித்தது. விட்டு விட்டு நாலு தடவை. எடுத்தேன். அவர் மனைவி அம்சவேணி.

"யாருங்க, ஆபீஸ் அம்மாவா? அவருகிட்ட கொஞ்சம் சொல்லிடுங்கம்மா. ரம்யா பெரியவளாயிட்டா. வரச்சொல்லோ தேங்காயும் வெல்லமும் வாங்கியாரச் சொல்லுங்க."

பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சரிம்மா என்று வைத்துவிட்டேன். நேராக அவரிடம் போனேன். வெல்ஃபேர் ஆபீசர் ஆயிற்றே, வீட்டுக்குச் சொல்வது அவர் வேலைதானே. சொன்னேன். அப்படியே அசையாமல் கேட்டார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். எதிரில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"உக்காரும்மா, விபத்து ரிப்போர்ட்ட டைப் பண்ணு" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது இதுதான். காலை பத்தேமுக்காலுக்கு தேசிங்குவின் மனைவியிடமிருந்து டைம் ஆபீஸுக்கு போன் வருகிறது. மகள் பூப்பெய்திய செய்தி. நல்ல செய்தி தாமதமாகக் கூடாது என்று டைம் ஆபீஸ் கிளார்க் இன்டர்காமில் பிரஸ் ஷாப்புக்குச் சொல்கிறார். சக தொழிலாளர்கள் கைதட்டுகிறார்கள். தேசிங்கு ஆனந்தக் கண்ணீரோடு வேலையைத் தொடர்கிறார். கண்ணீர் பார்வையை மறைக்கிறது. கை போகிறது.

டேப் எங்கே? இல்லை. அது தேவைப்படாத கதை. மதியத்துக்குள் அதைப் பிய்த்து எறிந்து, பசை தெரியாமல் பட்டனைத் துடைத்தும் வைத்துவிட்டார்கள்.

"சார், போன் வந்தது ரெண்டு மணிக்கு" என்றேன்.

"நேரத்த மட்டும்தானம்மா கொஞ்சம் நகர்த்தினேன். போன் வந்தது உண்மை. பொண்ணு பெரியவளானது உண்மை. கேட்டிருந்தா அவன் சந்தோஷப்பட்டிருப்பான், அதுவும் உண்மை. மூணு மணி நேரம். அதுக்குப் போய் ஒரு கம்பெனிய, நானூறு குடும்பத்தத் தெருவுல நிறுத்தணுமா?"

நான் ஏன் அடித்தேன்? எனக்கு வேலை நிரந்தரமாகி ஆறு மாசம் ஆகியிருந்தது, அது ஒன்று. இன்னொன்று சொல்லவே அசிங்கம். அந்தக் கதையில் நான் நல்லவளாக இருந்தேன். ஒரு ஏழைத் தொழிலாளிக்கு நல்ல செய்தி சொல்ல ஓடிய கிளார்க்கம்மா. அவரைத் திட்டுகிறேனே, அந்தக் கதையில் எனக்கொரு இடம் கொடுத்ததும் நானும் தட்டைக் கீழே வைக்காமல் சாப்பிட்டுவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் அவர் ஆஸ்பத்திரியிலேயே தேசிங்குவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று எல்லோரும் பேசினார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனவர்களிடம் தேசிங்குவே சொன்னாராம்: "பொண்ணு விசயம் கேட்டேனா, சந்தோசத்துல கை போனதே தெர்ல." அந்த ரிப்போர்ட் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போனது. அவ்வளவு அழகான கதையை மறித்து, பட்டன் எப்படி இருந்தது என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. கம்பெனி தேசிங்குவுக்கு கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தது.

அதோடு விட்டிருக்கலாம். வெல்ஃபேர் ஆபீசருக்கு அது போதவில்லை. ரம்யாவின் மஞ்சள் நீராட்டுச் சடங்கைக் கம்பெனியே நடத்தும் என்று சொல்லி, பந்தல், சாப்பாடு, மைக் செட் எல்லாம் ஏற்பாடு செய்தார். பதிமூன்று வயசுப் பெண். பட்டுப்புடவை சுற்றி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் கைக்கட்டோடு அப்பா. வெல்ஃபேர் ஆபீசர் மைக்கைப் பிடித்தார். மொத்தக் கதையையும் ஆரம்பத்திலிருந்து சொன்னார். "இந்தக் குழந்தை பெரியவளான அந்த நிமிஷம்தான் அந்தத் தகப்பன் தன்னையே மறந்த நிமிஷம்" என்று முடித்தபோது பந்தலே அழுதது. ரம்யா நிமிரவே இல்லை.

அழுத பெண்கள் கை கழுவும் இடத்தில் பேசிக்கொண்டதை நான் கேட்டேன்.

"பெரியவளான அன்னிக்கே அப்பன் கைய வாங்கிட்டாளே."

"இன்னா ராசியோ. இவள கட்டிகினு போறவன் கதி இன்னாவாவுமோ."

அவர் சொன்ன கதையும் அதுதானே. அவர் சர்க்கரை தடவிச் சொன்னார். அவர்கள் அந்தச் சர்க்கரையை நக்கிவிட்டுச் சொன்னார்கள்.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். பெற்றவர் சும்மா இருப்பாரா? காலேஜ்களுக்கும் கம்பெனிகளுக்கும் போய்ப் பேச ஆரம்பித்தார். யாரோ வீடியோ எடுத்துப் போட, லட்சம் பேர் பார்க்கிறார்கள். அதில் தேசிங்கு கதையும் இருக்கிறது. பேர் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி, பிரஸ், மகள் என்று மற்றதெல்லாம் சொல்கிறார். கடைசியில், அந்தப் பெண் இன்றைக்கு டாக்டராகி, அப்பாவின் கையை முத்தமிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று முடிக்கிறார்.

ரம்யா டாக்டர் இல்லை. பொன்னேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். போன மாசம் ஒரு மதிய வேளையில் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"ஆன்ட்டி, அன்னிக்கு எங்கம்மா பேசினப்ப போன எடுத்தது நீங்கதானாமே?"

"ஆமாம்மா."

"எத்தன மணிக்கு?"

ஏழு வருஷமாக என்னை யாரும் கேட்காத கேள்வி. "ரெண்டு மணிக்கு" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும். ஸ்கூல்ல மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் என்னை ஊட்டுக்கு அனுப்பினாங்க. நான் சின்னப் பொண்ணு, மணி தப்பா ஞாபகம் வச்சிருக்கேன்னாங்க. எங்கம்மாவும் அன்னிக்கு மணியே பாக்கலன்னாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னதுல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வரன் பேசி முடிவாகிற நிலைமையில், மாப்பிள்ளையின் அத்தைக்கு அந்த வீடியோ வந்திருக்கிறது. இது உங்க பொண்ணுதானே என்று கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

"நான் வந்து அவங்ககிட்ட பேசட்டுமா?" என்றேன்.

"அவங்க போவட்டும் ஆன்ட்டி. எனக்கு எங்க நைனாதான் முக்கியம். அவரு என்னப் பாத்தா கைய முதுகுக்குப் பின்னால வச்சிக்கிறாரு. ஏழு வருசமா. நீங்க நடந்தத எழுதி எடுத்துகினு வாங்க. அவரு முன்னால படிங்க."

அன்று சாயங்காலம் வெல்ஃபேர் ஆபீசருக்கு போன் செய்தேன். பயந்து அல்ல. சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பொறுமையாகக் கேட்டார்.

"எழுதிக்கோம்மா. ஆனா நீ எழுதினா எவ்ளோ வரும்? நாலு வரி. அத யாரு படிப்பா? என்னோடத லட்சம் பேர் கேட்டு அழுதிருக்காங்க."

"லட்சம் பேருக்கு இல்ல சார். ஒருத்தருக்கு" என்றேன்.

"உனக்குக் கதையே வராதும்மா" என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேசிங்கு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரம்யா உள்ளே வந்ததும் வலது கை தானாக முதுகுப் பக்கம் போனது. அம்சவேணி டீ வைத்தார். நான் காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். நாலு வரிதான்.

"காலை பதினொரு மணிக்கு விபத்து. பிரஸ்ஸின் ஒரு பட்டன் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. வீட்டிலிருந்து போன் வந்தது பகல் இரண்டு மணிக்கு. அதை எடுத்தது நான், யாருக்கும் இன்டர்காமில் சொல்லவில்லை."

வெளியே ரோட்டில் ஒரு லாரி போய் முடிந்தது.

"இதுல ஒண்ணு உட்டுட்ட" என்றார் தேசிங்கு.

காகிதத்தைத் திரும்பப் பார்த்தேன். "என்னங்க?"

"அன்னிக்கு காலைல ஷிப்டு ஏறச்சொல்லோவே சூப்பர்வைசராண்ட சொன்னேன். டேப்ப எடுத்துடு சார், மிசின் இன்னிக்கு ஒரு மாதிரி இழுக்குதுன்னு. 'மதியம் எடுத்துக்கலாம், நம்பர் ஓட்டு'ன்னாரு. அதயும் எழுதிக்க."

அம்சவேணி டம்ளரைக் கீழே வைத்தார். "இத்தினி வருசமா சொல்லவே இல்லியே?"

"யாரு கேட்டா?" என்றார். "ஆஸ்பத்திரில கண்ணத் தொறந்தா அவருதான் பேசிகினு இருந்தாரு. ரெண்டு நாளா அவருதான் பேசினாரு. இப்படிச் சொன்னா கேட்டுல வேல உண்டுன்னாரு. சொன்னேன்." பிறகு மகள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "உம் மேல போட்டுட்டு நான் வேலைக்குப் போயிகினு இருந்தேன். ஊருல உன்ன இன்னா சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் போயிகினு இருந்தேன்."

ரம்யா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அலமாரிக்குப் போய் ஒரு பேனாவைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "எழுதுங்க ஆன்ட்டி."

தேசிங்கு சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். லட்சம் பேரை அழவைத்த அந்தக் கதையில் தேசிங்கு கைதட்டலைக் கேட்கிறார், கண்ணீர் விடுகிறார், விரலை இழக்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. எழுதி முடித்து என் கையெழுத்தைப் போட்டேன்.

"நானும் போடறேன்" என்றார் தேசிங்கு.

இடது கையால் எழுதப் பழகியிருந்தார். காகிதத்தைக் கட்டிலின்மேல் வைத்தார். இடது கையில் பேனா. காகிதத்தைப் பிடிக்க வலது கையை முன்னால் கொண்டுவந்து வைத்தார். கட்டைவிரல் ஒன்றால் அது நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. ரம்யா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.